அவுட்டரில் நிற்கும் வண்டி: இராயபுரம் முதல் பேசின் பிரிட்ஜ் வரை

முதல் நாள்: வாலாஜா ரோடு – இராயபுரம்

மேற்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ ரயிலில் சென்னைக்கு வருபவர்களில் பேசின் பிரிட்ஜ் அருகே காத்துக் கிடக்காதவர் ஒருவரும் இருக்க முடியாது. பெரம்பூர் தாண்டியதும் மேல் பலகையிலிருந்து பைகளை இறக்கி, குழந்தைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு, வாசலை ஒட்டி வரிசையாக நின்றுகொள்வோம். சரியாக அந்த நேரத்தில் வண்டி மெல்லத் தளர்ந்து, கறுத்த நீர் ஓடும் பாலத்தின் மீதோ ஏதோவொரு மதில் ஓரத்திலோ நின்றுவிடும். "அவுட்டர்ல (நிலையத்துக்கு வெளியே உள்ள சிக்னலில்) போட்டுட்டான்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மறுபடியும் உட்கார்ந்துகொள்வார்கள். சென்ட்ரலுக்கு மிச்சமிருப்பது இரண்டே கிலோமீட்டர்தான் என்றாலும் அந்த இரண்டு கிலோமீட்டருக்குச் சில நாட்களில் அரை மணி நேரம் ஆகிவிடும். சன்னலுக்கு வெளியே எண்ண முடியாத தண்டவாளங்களும், அவற்றில் ஆளில்லாமல் நிற்கும் பெட்டிகளும், கூவத்தை நினைவூட்டும் வாடையும் இருக்கும். சிறு வயதிலிருந்து எத்தனையோ முறை பார்த்துக்கொண்டே நின்ற அந்த இடத்தை ஒரு முறையாவது ஊருக்குள் நுழையும் வழியாக அல்லாமல், போய்ச் சேரவேண்டிய இடமாகவே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இந்த ஐப்பசியில்தான் கைகூடியது.

புறப்பட்ட இடமும் பொருத்தமாகவே அமைந்தது. எங்கள் ஊர் வாலாஜாபேட்டை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கிய பாதையின் ஒரு முனை சென்னை இராயபுரம். மறுமுனை எங்கள் வாலாஜா ரோடு நிலையம். பழைய குறிப்புகளில் அந்த முனை ஆற்காடு என்றே வருகிறது. ஆற்காட்டு நகரமோ பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பம்பாயில் 1853இலும் ஹவுராவில் 1854இலும் ரயில் ஓடியபின், இந்தியாவின் மூன்றாவது பயணிகள் பாதையாக இது வந்தது. இன்று சென்னை செல்லும் விரைவு வண்டிகளெல்லாம் சென்ட்ரலுக்கே போகின்றன என்பதால் நான் அரக்கோணம் வரை ஒரு வண்டியிலும், அங்கிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலிலுமாக வந்தேன். சென்ட்ரலைத் தொடாமல் வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை வழியாகக் கடலை நோக்கித் திரும்பும் அந்த வழிதான் 1856ஆம் ஆண்டு வண்டி போன திசைக்கு இன்றும் நெருக்கமானது.

இராயபுரத்தில் என்னோடு இறங்கியவர்கள் நான்கைந்து பேர்தான். நடைமேடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, செந்நிறச் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக நிற்கும் பழைய கட்டடத்தை முதலில் பார்க்கும்போது அது ரயில் நிலையம் என்றே தோன்றவில்லை. ஏதோ ஓர் ஆளுநர் மாளிகையின் முகப்பு வழிதவறி வந்து நிற்பது போலிருந்தது. அன்றைய ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று இதைத் திறந்துவைத்தார். பம்பாயிலும் ஹவுராவிலும் முதல் வண்டிகள் புறப்பட்ட கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டின் முதல் மூன்று பாதைகளில் தொடக்க நிலையத்தின் கட்டடம் இன்னமும் நின்றுகொண்டிருப்பது இராயபுரத்தில் மட்டும்தான். 2005இல் இதைப் புதுப்பித்தார்கள். ஆனால் பிறகு நாள்தோறும் பயன்படுத்தாத எந்தக் கட்டடத்துக்கும் நேர்வதுதான் இதற்கும் நேர்ந்திருக்கிறது. தூண் ஒன்றின் அடியில் சுண்ணாம்புப் பூச்சு உள்ளங்கையளவு உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல் ஈரத்தில் பொரிந்து கிடப்பதைக் கண்டேன். எனக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஒரு மாகாணத்தின் போக்குவரத்து முழுவதும் இந்த வாசலிலிருந்து கிளைத்தது என்பதை அருகில் நின்று சொல்ல ஒரு பலகை கூட என் கண்ணில் படவில்லை.

சென்னையின் முதல் நிலையத்தை ஏன் இங்கே கட்டினார்கள் என்ற கேள்விக்கு விடை, கட்டடத்துக்குப் பின்புறம் சிறிது தூரம் நடந்தாலே கிடைத்துவிடுகிறது. கடல் அவ்வளவு அருகில் இருக்கிறது. 1856இல் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து எட்ட நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்குகளையும் மசூலா படகுகள் அலைகளைத் தாண்டிக் கொண்டுவந்தன. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த அந்தப் படகுகள் அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளங்களும் எஞ்சின்களும் அத்தகைய கரையில்தான் இறங்கியாக வேண்டியிருந்தது. இராயபுரம் என்ற பெயரே புனித இராயப்பரின் (பீட்டர்) பெயரால் வந்தது. படகுத் தொழில் செய்தவர்கள் தங்கள் பணத்தில் 1829இல் எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் இங்கு இருக்கிறது. ரயில்வே வந்து இராயபுரத்தை உண்டாக்கவில்லை. கடலையும் அலையையும் அறிந்த ஒரு குடியிருப்பு ஏற்கெனவே இருந்த இடத்துக்குத்தான் ரயில்வே வந்து சேர்ந்தது.

மாலையில் பெரம்பூரில் தாய்மாமன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமா ரயில் பெட்டிகளைச் சீராக்கும் கேரேஜ் ஒர்க்ஸ் பணிமனையில் நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். "இராயபுரத்துல என்னடா இருக்கு, பழைய தூணு?" என்று கேட்டவர், நான் எடுத்த படங்களைப் பார்த்தபின் வெகுநேரம் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.

இரண்டாம் நாள்: மூலக்கொத்தளம், உப்புக் கொட்டாரம், கால்வாய்

இரவு பெய்த மழை காலையில் ஓய்ந்திருந்தது. இன்று ரயிலை விட்டுவிட்டு நடந்தேன்.

பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பெயர்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலே ஒரு பழைய நகர வரைபடம் விரிகிறது. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் ஒரு மதில் எழுப்பினார்கள். அதன் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்கான செலவை மக்களிடமே வரியாகப் பெற நினைத்ததன் நினைவு வால்டாக்ஸ் (Wall Tax, மதில் வரி) சாலை. மதிலின் மூலையில் இருந்த கொத்தளம், மூலைக் கொத்தளம் என்றாகி இன்று மூலக்கொத்தளமாக வழங்குகிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்நீத்த தாளமுத்து, நடராசன் ஆகியோரின் நினைவிடம் இங்குள்ள இடுகாட்டில் இருப்பதால் பலருக்கு இப்பெயர் தெரியும். அதற்குள் ஒரு கோட்டைச் சுவர் ஒளிந்திருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மதிலின் எஞ்சிய துண்டு ஒன்றைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்கா என்ற பெயரில் இன்றும் பார்க்கலாம்.

இந்த மூலைக்கு வெளியேதான் ரயிலுக்கு முன்பே கால்வாய் வந்துவிட்டது. எண்ணூரை நோக்கி 1806இல் வெட்டப்பட்ட கால்வாய் முதலில் அதை வெட்டிய காக்ரேனின் பெயரைத் தாங்கியிருந்தது. வடக்கிலும் தெற்கிலும் நீண்டபின், 1875 முதல் 1880 வரை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பு படகுகளில் வரும். சவுக்கு விறகும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் வரும். படகுகள் நின்று திரும்பவும் சரக்கை இறக்கவும் கால்வாயை ஓரிடத்தில் அகலமாக்கி ஒரு குளம் போல வைத்திருந்தார்கள். அந்தக் குளத்தைத்தான் ஆங்கிலத்தில் பேசின் என்றார்கள். அதன் மேல் போட்ட பாலம் பேசின் பிரிட்ஜ். பல்லாயிரம் பேர் நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு சந்திப்பின் பெயர் படகுகள் திரும்பிய ஒரு குளத்தின் பெயர் என்பது எனக்கே இந்தப் பயணத்துக்கு முன்புதான் தெரிந்தது.

படகில் வந்த உப்பைக் குவித்து வைத்த இடம் சால்ட் கொட்டார்ஸ். ஆங்கில ஒலியில் விசித்திரமாகத் தோன்றும் அந்த இரண்டாம் சொல் நம்முடைய கொட்டாரம்தான். தானியத்தைச் சேர்த்து வைக்கும் களஞ்சியத்துக்கான சொல் உப்புக்கும் ஆகி வந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் உப்பு 1805 முதல் கிழக்கிந்தியக் கும்பினியின் ஏகபோகம். ஆகவே இந்தக் கொட்டாரம் வெறும் கிடங்கு அன்று, அரசின் கருவூலங்களில் ஒன்று. பின்னர் அதே நிலத்தில் ரயில்வேயின் சரக்கு நிலையம் அமைந்தது. உப்பு வந்த இடத்துக்கு அரிசியும் இரும்பும் சிமெண்டும் வந்தன. நான் போனபோது லாரி ஒன்றின் அடியில் ஓட்டுநர் பாய் விரித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் சுமைதூக்கும் தொழிலாளர்கள் இருவர் கொக்கிகளை இடுப்பில் செருகியபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தனர். ஒருவரிடம் கொட்டாரம் என்ற சொல்லைச் சொன்னேன். "எங்க அப்பா காலத்துல உப்புக் கொட்டான்னுதான் சொல்லுவாங்க சார்" என்றார். புத்தகத்தில் தேடிய விடையை அவர் மூன்று நொடியில் உறுதிசெய்துவிட்டார்.

இங்கே நின்றால் 1876–78 பஞ்சத்தை எண்ணாமல் இருக்க முடியாது. கப்பல்களில் வந்த தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலையாகக் குவிந்து கிடந்தன. உள்நாட்டுக்குச் சென்ற ஒற்றைப் பாதையால் அத்தனையையும் வேகமாகக் கொண்டுசெல்ல முடியவில்லை. பாதை போகாத ஊர்களுக்கு அதுவும் இல்லை. மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்க் கால்வாயை நிவாரண வேலையாக வெட்டியவர்கள் அந்தப் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்களே. அவர்கள் வெட்டிய கால்வாயின் மேல்தான் 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றப்பட்டன.

மூன்றாம் நாள்: பேசின் பிரிட்ஜ்

இன்று முழுக்க ஒரே இடம். பெரம்பூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து நடைமேடையில் இறங்கினேன். இங்கே இறங்குபவர்கள் பெரும்பாலும் ரயில்வே ஊழியர்கள் என்பது அவர்கள் தண்டவாளத்தைப் பார்க்காமலேயே நடக்கும் நடையிலிருந்து தெரிகிறது. பெட்டிகளை நிறுத்திப் பராமரிக்கும் யார்டுக்குள் அனுமதியின்றிப் போக முடியாது, போகவும் கூடாது. மாமாவுக்குத் தெரிந்த, வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்காக வந்திருந்தார். நடைமேடையின் கோடியிலும் பின்னர் சாலை மேம்பாலத்தின் மீதும் நின்றுகொண்டு, முழு யார்டையும் விரலால் சுட்டிக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தார்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள வரலாறும் வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இங்கே சந்திப்பு என்று எதுவுமில்லை. இராயபுரத்திலிருந்து வந்த பாதை கால்வாயைத் தாண்டி மேற்கே பெரம்பூர், அரக்கோணம் என்று நேராகப் போயிற்று. 1862இல் அது சேலம், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை எட்டியது. 1871இல் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே சென்ற கிளை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. கடலோரமாக ஒதுங்கியிருந்த இராயபுரத்தால் இவ்வளவு பயணிகளையும் சரக்கையும் ஒன்றாகத் தாங்க முடியவில்லை. எனவே நகரத்தின் மையத்துக்கு அருகே, ஜான் பெரேராவின் தோட்டம் என்று அழைக்கப்பட்ட நிலத்தில், 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அங்கிருந்து வடக்கே வந்த புதிய பாதை பழைய இராயபுரம் பாதையை எட்டிப் பிடித்த இடம் இது. 1899இல் வடக்கே பெஜவாடாவிலிருந்து (இன்றைய விஜயவாடா) வந்த பாதையும் கூடூர் வழியாக இங்கே வந்து சேர்ந்தபோது சந்திப்பு முழுமை பெற்றது. கடற்கரைப் பாதை 1907இல் தெற்கே நீட்டப்பட்டபின் இராயபுரம் முனையமாக இல்லாமல் போயிற்று. தொலைதூர வண்டிகள் சென்ட்ரலுக்கே வரத் தொடங்கின.

கடலை நோக்கிப் போட்ட பாதையில் நகரத்தை நோக்கி ஒரு கிளையைப் பிறகு ஒட்டவைத்தார்கள். அந்த ஒட்டுதான் பேசின் பிரிட்ஜ். அன்று கிளையாக இருந்தது இன்று தண்டாகிவிட்டது. இடம் மட்டும் அன்றைய கிளைக்குப் போதுமான இடமாகவே இருக்கிறது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் பழைய மதிலையொட்டி நெருங்கி வளர்ந்த நகரம். அகலப்படுத்த எங்கே போவது?

பெரியவரிடம் என் பழைய கேள்வியைக் கேட்டேன்: வண்டி ஏன் இங்கே நிற்கிறது? அவர் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தம் பணிக்காலம் முழுவதும் பதில் சொல்லி வந்தவரைப் போலப் பொறுமையாக விளக்கினார்.

"சென்ட்ரல் முட்டு ஸ்டேஷன் தம்பி. எக்மோர்ல ஒரு வண்டி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போயிடலாம். இங்க வந்த வழியாத்தான் திரும்பணும். ஒரு வண்டின்னு நீங்க எண்ணுறீங்க. நாங்க நாலுன்னு எண்ணுவோம்."

ஆட்களோடு வண்டி உள்ளே வருவது ஒன்று. ஆட்கள் இறங்கியபின் காலிப் பெட்டிகளை வேறொரு எஞ்சின் இழுத்துக்கொண்டு இந்த யார்டுக்கு வருவது இரண்டு. இங்கே பிட்லைன் எனப்படும், நடுவில் பள்ளமுள்ள தடத்தில் பெட்டிகளை நிறுத்தி, கீழே இறங்கி நின்று சக்கரத்தையும் பிரேக்கையும் பார்த்து, கழுவி, தண்ணீர் நிரப்பி, படுக்கை விரிப்புகளை ஏற்றி, மறுபடி சென்ட்ரலுக்குத் தள்ளிக்கொண்டு போவது மூன்று. பயணிகளோடு புறப்படுவது நான்கு. இவை தவிர, நடைமேடையின் முட்டில் மாட்டிக்கொண்ட எஞ்சின் தனியாக வெளியே வரவேண்டும். இத்தனை அசைவுகளும் நடப்பது சென்ட்ரலுக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள அந்தக் குறுகிய கழுத்தில்தான். போதாததற்கு மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் மின்சார ரயில்கள் வேறு. கழுத்தில் ஒரு வண்டி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தால் பின்னால் வருவது அவுட்டரில் நின்றுதான் ஆகவேண்டும். எத்தனையோ இரவுகள் எரிச்சலோடு நான் பார்த்த அந்தச் சிவப்பு விளக்கு, எங்கோ ஒருவர் என்னை மறந்துவிட்டதன் அடையாளம் அன்று. எனக்கு முன்னால் ஒரு காலி ரேக் (பெட்டிகளின் தொடர்) கோயம்புத்தூருக்கோ டெல்லிக்கோ போகத் தயாராகிக் கடந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிக்னல் கேபின்களில் லீவர்கள் இருந்தன. சிக்னலுக்குச் சிவப்பு, தடம் மாற்றும் பாயிண்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம் என்று நிறம் தீட்டிய, ஓர் ஆள் மார்பளவு உயரமான இரும்புத் தண்டுகள் வரிசையாக நிற்கும். பளபளவென்று தேய்ந்த கைப்பிடியை வெறுங்கையால் தொடக்கூடாதாம். வியர்வை பட்டால் மறுநாளே துருப்பிடிக்கும் என்பதற்காக ஒரு துணியைச் சுற்றித்தான் பிடிப்பார்கள். தூரத்துப் பாயிண்டை இழுக்கும்போது கம்பியின் கனம் முழுவதும் தோளில் இறங்கும். அதைச் சொல்லும்போது மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு காலை ஊன்றி, இல்லாத லீவரை இரண்டு கைகளாலும் பிடித்து, உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் காட்டினார். எழுபதைத் தாண்டிய உடம்பில் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நின்று அவற்றை இணைக்கும் கப்ளிங் மாட்டிய நாட்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அதெல்லாம் வேணாம் தம்பி, கூட இருந்தவங்க போயிட்டாங்க" என்று நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை. இந்த யார்டின் வரலாற்றில் நினைவுச் சின்னம் எழுப்பத் தகுந்தவர்கள் ஆளுநர்கள் அல்லர், இவர்கள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் ஒரு வேலியோரம் அவர் என்னை நிறுத்தினார். வேலிக் கம்பமாக ஒரு பழைய தண்டவாளத் துண்டு நட்டிருந்தது. இன்றைய தண்டவாளத்துக்கு அடியில் தட்டையான பாதம் இருக்கும். இதற்கோ மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்டையான தலை, நடுவில் உடுக்கையைப் போல ஒடுங்கிய இடை. ஒரு தலை தேய்ந்தால் புரட்டிப் போட்டு மறு தலையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தில் 19ஆம் நூற்றாண்டில் செய்த இரட்டைத் தலைத் தண்டவாளம் அது. இடையில் ஏதோ எழுத்துகள் புடைத்திருந்தன. விரலால் மண்ணைத் தட்டிப் பார்த்தேன். 18 என்ற இரண்டு இலக்கங்கள் தெரிந்தன, அடுத்த இரண்டைத் துரு தின்றுவிட்டிருந்தது. யாரோ அதன் உச்சியில் துணி உலர்த்தும் கொடியைக் கட்டியிருந்தார்கள்.

நான்காம் நாள்: பெரம்பூர்

பகல் முழுவதும் மழை. மாமா வீட்டுத் திண்ணையிலேயே பாதி நாள் கழிந்தது. ஆனாலும் அது வீணான நாள் அன்று.

முதல் ரயில் ஓடிய 1856ஆம் ஆண்டிலேயே பெரம்பூரில் பணிமனை தொடங்கிவிட்டது. சந்திப்பு உருவாவதற்கு முன்பே பணிமனை வந்துவிட்டதால், பெரம்பூர் ரயில்வேக்குப் பக்கத்து ஊராக இல்லாமல் ரயில்வேயின் ஊராகவே வளர்ந்தது. பெரம்பூரை அடுத்து வரும் இரண்டு மின்சார ரயில் நிறுத்தங்களின் பெயர்களே கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், பக்கத்திலேயே பின்னி ஆலைத் தொழிலாளர்கள் என்று எல்லோரும் ஒரே சங்கொலிக்கு எழுந்த ஊர் இது. 1918இல் நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆலைத் தொழிலாளர்களிடையே தோன்றியது தற்செயலாக நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வியாசர்பாடி நிலையத்தின் பெயரில் ஜீவானந்தத்தின் பெயர் சேர்ந்திருப்பதும் இந்த மண்ணுக்குப் பொருத்தமானதே.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கேரேஜ் ஒர்க்ஸையும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். ஐ.சி.எஃப். புதிய பெட்டிகளைக் கட்டும் இடம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு அதைத் தொடங்கிவைத்தார். கேரேஜ் ஒர்க்ஸ் ஓடிக் களைத்த பெட்டிகளைச் சீராக்கும் இடம். மாமா இருந்தது இரண்டாவதில். பெட்டி உள்ளே வந்ததும் கிரேனால் மேல் உடலைத் தூக்கித் தனியே வைத்துவிட்டு, அடிச்சட்டத்தை உருட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். சக்கரத்தின் விளிம்பைக் கடைசலில் கொடுத்துச் சரியான வளைவுக்குக் கொண்டுவருவது, சுருள்வில்களை அழுத்திச் சோதிப்பது, எண்ணெய் மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பிரிவு. "பி.ஓ.எச். (குறித்த காலத்துக்கு ஒருமுறை நடக்கும் முழுச் சீரமைப்பு) முடிஞ்சு வெளிய போற பெட்டியில நம்ம கை பட்டது ஒண்ணும் தெரியாது. தெரியாம இருந்தாத்தான் நல்ல வேலை" என்றார் மாமா.

லோகோ ஒர்க்ஸைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட, கிழக்கிந்திய ரயில்வேயின் 21ஆம் எண் நீராவி எஞ்சின் பல்லாண்டுகள் ஜமால்பூரில் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. 2010இல் அதைப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் மறுபடியும் ஓடவைத்தார்கள். வரைபடமில்லாத பாகங்களை அளந்து, வார்த்து, கடைந்து செய்ய வேண்டியிருந்தது. அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று அது சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குப் புறப்பட்டபோது, இராயபுரம் பாதையைவிட ஒரு வயது மூத்த எஞ்சின் பேசின் பிரிட்ஜைக் கடந்து சென்றது. மாமா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வியாசர்பாடியில் தண்டவாள ஓரம் நின்றிருக்கிறார். அந்த ஊதல் சத்தத்தைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற தம் பழைய போர்மேன் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள்: சென்ட்ரல், திரும்பும் வழி

காலையில் மழை நின்று போயிருந்தாலும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் வந்தது. அத்தை கட்டிக்கொடுத்த புளிசாதத்தோடு சென்ட்ரலுக்கு நேரத்திலேயே வந்துவிட்டேன்.

சென்ட்ரலின் சிவப்புக் கட்டடத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஜார்ஜ் ஹார்டிங் தொடங்கிய கட்டடத்துக்குச் சிஷோம் மாற்றங்கள் செய்ய, மணிக்கூண்டோடு அது 1900இல் நிறைவுற்றது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். என் கண் போனது வேறிடத்துக்கு. மின்சார ரயில் முனையம் நிற்கும் இடத்தில் 1985இல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட் இருந்தது. அந்த முனையத்துக்கும் பெரிய கட்டடத்துக்கும் நடுவே, பெரும்பாலோர் திரும்பிக்கூடப் பார்க்காத பள்ளத்தில், அதே பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. இரண்டாம் நாள் உப்புக் கொட்டாரத்தருகே நான் பார்த்த நீர்தான். நாட்டின் நான்கு திசைகளுக்கும் வண்டி அனுப்பும் நிலையம் இன்னமும் ஒரு படகுத் துறையின் கரையில்தான் நிற்கிறது.

வண்டி புறப்பட்டதும் வலப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொண்டேன். யானைக்கவுனி, பேசின் பிரிட்ஜ் யார்டு, பிட்லைனில் மஞ்சள் மழைச்சட்டையோடு குனிந்து நின்ற ஒருவர், 120 மெகாவாட் எரிவாயு மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என்று எல்லாம் பின்னால் போயின. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் இருப்பது 14ஆம் எண் பாலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் இந்தப் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியபோது, சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய வண்டிகள் நிறுத்தப்பட்டன, பல ரத்தாயின. ஓட்டேரி நாலா என்ற ஓடையும் கால்வாயும் கலக்கும் இந்தத் தாழ்நிலத்தில் பெய்த மழை, வடிந்து கடலுக்குப் போகும் வரை மேலே ரயில் காத்திருக்க வேண்டும். படகுகள் திரும்புவதற்காகத் தண்ணீரைத் தேக்கிய இடத்தில், தண்ணீர் இன்றும் தேங்கத்தான் செய்கிறது.

பாலத்தை நெருங்கியபோது வண்டி வேகம் குறைத்தது. கீழே பாலத் தூணில் அளவுக் கோடுகள் வரைந்திருப்பதும், அபாய மட்டத்தைக் காட்டும் சிவப்புப் பட்டையும் தெரிந்தன. பட்டைக்குக் கீழே சுமார் மூன்று அடிக்கு ஈரம் படிந்த கறை. அதற்கும் கீழே ஆகாயத்தாமரைக் கொத்துகளைச் சுமந்துகொண்டு கறுத்த நீர் கிழக்கு நோக்கி மெதுவாக நகர்ந்தது. ரெயின்கோட் அணிந்த ஊழியர் ஒருவர் பாலத்தின் ஓரத்தில் நின்று, கையில் வைத்திருந்த சிறு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். எதிர்த்திசையில், சென்ட்ரலுக்குப் போகும் வண்டி ஒன்று சிவப்பு விளக்குக்கு முன் நின்றிருந்தது. அதன் வாசலில் பைகளோடு நின்றவர்களில் ஒரு சிறுமி செருப்பு மாட்டிய காலை வெளியே நீட்டி, கீழே போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.